கல்யாண வீட்டுக் கேள்வி: ஆளுமைச் சோதனையைச் செய்வதும் வாசிப்பதும்

"பார்ட்டிகளில் பலவிதமான ஆட்களுடன் கதைப்பேன்." இணையத்தில் கிடைக்கும் ஆளுமைச் சோதனைகள் பலவற்றில் இந்த வசனம் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். எனக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்றால் 1, மிகச் சரியாகப் பொருந்தும் என்றால் 5. திருகோணமலையில் இருக்கிற ஒருவர் இதற்கு எந்த எண்ணைப் போடுவார்?

எங்களில் பலருக்குப் பார்ட்டி என்று தனியாக ஒன்று இல்லை. கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, அந்தியேட்டி, இவைதான் ஆட்கள் கூடும் இடங்கள். அங்கே கதைப்பது கடமை. மாப்பிள்ளை பகுதி ஆட்களை வாசலில் நின்று வரவேற்காவிட்டால் மாமி ஒரு வருடம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுவா. அதனால் வாய் திறக்கவே கூச்சப்படும் ஒரு பிள்ளைகூட இந்த இடத்தில் 4 அல்லது 5 போட்டுவிடும். சோதனை அந்தப் பிள்ளையைப் புறமுகி, அதாவது ஆட்களோடு தானாகக் கலந்து பழகுபவர், என்று எழுதிக்கொள்ளும். இன்னொருவர் "நான் பார்ட்டிக்கே போறதில்லை" என்று 1 போடுவார். அவர் துறைமுகத்து வேலையிலே ஒரு நாளைக்கு 40 பேருடன் சிரித்துக் கதைப்பவராக இருக்கலாம்.

கேள்வி உண்மையில் கேட்பது வேறு. யாரும் எதிர்பார்க்காத இடத்தில், முன்பின் தெரியாத ஆளிடம் நீங்களாகப் பேச்சுக் கொடுப்பீர்களா? கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவரிடம் முதலில் வாய் திறப்பது நீங்களா, அவரா? அதை நினைத்து எண்ணைப் போட்டால் பதில் சரியாக வரும். சோதனையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் இப்படி உங்கள் ஊர் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து பார்த்த பிறகுதான் பதில் போட வேண்டும். பலருக்குப் பெறுபேறு பிழைப்பது இந்த முதற்படியைத் தாண்டிப் போவதால்தான்.

இந்தச் சோதனைகள் இரத்தப் பரிசோதனை மாதிரி உள்ளிருந்து எதையும் எடுத்து அளப்பதில்லை. உங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை அடுக்கி, கூட்டி, உங்களிடமே திருப்பித் தருகின்றன. அதனால் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. நாங்கள் எங்களைப் பற்றி உதிரி உதிரியாக நினைத்துக்கொண்டிருப்பதை ஒரே தாளில் அடுக்கிப் பார்ப்பது பெரிய உதவி. ஆனால் தாளில் விழும் பெயரை எடுத்துக்கொண்டு எண்ணை விட்டுவிட்டால் அந்த உதவி கிடைக்காது.

பெயர் என்றால் அந்த நான்கு எழுத்து. ஐ.என்.எவ்.பி., ஈ.எஸ்.ரி.ஜே. என்று இப்போது கம்பஸ் பிள்ளைகள் சுயவிபரத்திலேயே போடுகிறார்கள். இதன் வேர் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921 இல் ஆளுமை வகைகளைப் பற்றி எழுதியதில் இருக்கிறது. தனக்குள்ளேயே இருக்க விரும்பும் அகமுகி, வெளியே ஆட்களைத் தேடும் புறமுகி என்ற பிரிவு அவருடையது. அமெரிக்காவில் கதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் என்ற மகளும் அதை எடுத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கேள்விகளாக மாற்றத் தொடங்கினார்கள். 1962 இல் அது எம்.பி.ரி.ஐ. என்ற சோதனையாக வெளிவந்தது. நான்கு இரட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, மொத்தம் 16 வகை.

சிக்கல் அந்த இரட்டையில்தான். மனிதர்களின் பண்பு உயரம் மாதிரி. பெரும்பாலானவர்கள் நடுவில் நிற்பார்கள், இரு ஓரங்களிலும் ஆட்கள் குறைவு. நெட்டை, கட்டை என்று இரண்டே பெயரை வைத்து நடுவில் கோடு கிழித்தால், ஐந்தடி ஐந்தங்குலக்காரரும் ஐந்தடி ஆறங்குலக்காரரும் வெவ்வேறு பக்கம் போய்விடுவார்கள். 51 வீதம் அகமுகி என்று வந்தவரும் 51 வீதம் புறமுகி என்று வந்தவரும் அநேகமாக ஒரே மாதிரியான ஆட்கள். 51 வீதக்காரரும் 95 வீதக்காரரும்தான் உண்மையில் வேறுபட்டவர்கள், ஆனால் எழுத்து அவர்கள் இருவருக்கும் ஒன்று. கோட்டுக்கு அருகில் நிற்பவர்கள் நிறையப் பேர் என்பதால், ஐந்து வாரம் கழித்துத் திரும்பச் செய்தால் பாதிப் பேர் வரை ஏதாவது ஒரு எழுத்து மாறுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆள் மாறவில்லை, கோட்டின் மற்றப் பக்கத்துக்கு ஒரு அடி தள்ளி நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது புதிதாக இராது. வாதம், பித்தம், கபம் என்று மூன்று பெயர் இருந்தாலும், ஒன்றோடு ஒன்று கலந்த தொந்த தேகியைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் படிக்க வேண்டியிருக்கிறது.

எம்.பி.ரி.ஐ. யின் முறையான நடைமுறையில்கூட வினாத்தாளில் வரும் எழுத்து முடிவானதல்ல. முதலில் ஆள் தானே தன் வகையை ஊகிக்க வேண்டும். பிறகு பெறுபேற்றைப் பார்த்து, விளக்கங்களை வாசித்து, பயிற்சி பெற்றவருடன் கதைத்து, எது பொருந்துகிறது என்று தானே தீர்மானிக்க வேண்டும். இணையத்தில் 10 நிமிடத்தில் செய்துமுடிக்கும் இலவசப் பிரதிகளில் இந்தப் பாதி இல்லை.

1989 இல் மக்ரே, கொஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நான்கு எழுத்தையும், குணத்தை ஐந்து எண்ணால் அளக்கும் ஐம்பெரும் பண்புகள் எனப்படும் அளவுகோலோடு ஒப்பிட்டார்கள். நான்கும் ஐந்தில் நான்கோடு ஓரளவு பொருந்தின. மிச்சமாக நின்ற ஐந்தாவது பண்பு, மனம் எவ்வளவு எளிதில் கலங்கும் என்பது. தன்னை விளங்கிக்கொள்ள வருகிற ஒருவர் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான் என்பது என் எண்ணம். அது அந்த நான்கு எழுத்தில் இல்லை. ஆட்களை ஒன்பது வகையாகப் பிரிக்கும் எனியாகிராம் என்ற இன்னொரு முறையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கதைத்துப் பார்க்க நல்லது, அளக்க உதவாது.

வகை விளக்கங்கள் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்று கேட்பீர்கள். 1948 இல் பேர்ட்ரம் போரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு "இது உங்களுக்கென்றே எழுதிய விளக்கம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5 க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே விளக்கம், கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. மற்றவர்கள் உங்களை மதிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், ஆனால் உங்களையே நீங்கள் குறை சொல்லிக்கொள்வீர்கள் என்ற மாதிரியான வசனங்கள். அது பொருந்தாத ஆள் யார்?

உங்களுக்கு வந்த விளக்கம் இந்த ரகமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் வகையின் விளக்கத்தில் இருந்து 10 வசனம் எடுங்கள். அதற்கு நேரெதிர் வகையில் இருந்து 10, நான்கு எழுத்தில் இரண்டு மட்டும் மாறிய வகையில் இருந்து 10. மூன்றையும் தம்பியிடமோ கூட்டாளியிடமோ கொடுத்துக் கலந்து எழுதித் தரச் சொல்லுங்கள், எது எதற்குரியது என்பது அவரிடம் மட்டும் இருக்கட்டும். 30 வசனத்தையும் வாசித்து, பொருந்துவதற்கு மட்டும் சரி போடுங்கள். உங்கள் வகையில் 8, மற்றவற்றில் 3, 2 என்று வந்தால் அந்த விளக்கத்தில் விஷயம் இருக்கிறது. 8, 7, 7 என்று வந்தால் அது எல்லாருக்கும் தைத்த சட்டை.

இனி எந்தச் சோதனையைச் செய்வது என்பது. என் தெரிவு ஐம்பெரும் பண்புகள்: திறந்த மனம், கடமைச் சீர் (ஒழுங்கும் பொறுப்பும்), புறமுகத் தன்மை, இணக்கம், உணர்ச்சித் தளம்பல் (மனம் எவ்வளவு எளிதில் கலங்கும் என்று மேலே சொன்னது). இது வகை பிரிப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தருகிறது. லூயிஸ் கோல்ட்பேர்க் தொடக்கி வைத்த சர்வதேச ஆளுமை வினாக் களஞ்சியத்தில் இதற்கான கேள்விகள் பொதுச் சொத்தாகக் கிடக்கின்றன. காசு கொடுக்கத் தேவையில்லை. 20 கேள்வி கொண்ட மினி வடிவம் 5 நிமிடத்தில் முடியும். 120 கேள்வி வடிவத்துக்கு 20 நிமிடம் வேண்டும். 300 கேள்வியும் இருக்கிறது, ஆனால் 200 ஐத் தாண்டும்போது ஆள் வாசிக்காமல் போடத் தொடங்கிவிடுவார். முதலில் 20 ஐக் கையாலேயே செய்து கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், பிறகு 120 க்குப் போங்கள்.

தமிழில் செய்யுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் கேள்வியை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே எடுக்காதீர்கள். மினி வடிவத்தில் மனச் சோர்வைப் பற்றிய கேள்வி ஒன்றில் ஆங்கிலக்காரர் சோர்வுக்கு நீல நிறத்தைச் சொல்லுவார். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நான் அரிதாக நீலமாக இருக்கிறேன்' என்று வந்து நிற்கும். அதன் கருத்து, 'மனம் சோர்ந்து போவது எனக்குக் குறைவு' என்பது. அது தலைகீழ்க் கேள்வி வேறு, சரி என்று போட்டால் தளம்பல் குறையும். இந்த ஒன்றில் பிழைத்தாலே நான்கு கேள்வி கொண்ட ஒரு பண்பின் கால்வாசி பிழைத்துவிடும்.

அடுத்தது யாருடன் ஒப்பிட்டுப் போடுவது. களஞ்சியத்தின் சொந்த அறிவுறுத்தல் தெளிவாக இருக்கிறது: எதிர்காலத்தில் எப்படி இருக்க ஆசை என்று பார்க்காமல் இப்போது பொதுவாக எப்படி இருக்கிறீர்களோ அப்படிப் போடுங்கள், உங்களுக்குத் தெரிந்த, உங்கள் பாலைச் சேர்ந்த, ஏறக்குறைய உங்கள் வயது ஆட்களோடு ஒப்பிட்டுப் போடுங்கள். இதைப் பலர் வாசிப்பதே இல்லை. விடியக் காலை நான்கு மணிக்கு எழும்பும் அம்மாவோடு ஒப்பிட்டு 'நான் சரியான சோம்பேறி' என்று கடமைச் சீரில் 1 போடும் பிள்ளைகள் உண்டு. ஒப்பிட வேண்டியது அந்தப் பிள்ளையின் வகுப்புக் கூட்டாளிகளோடு.

காலமும் முக்கியம், எங்கள் ஊரில் விசேஷமாக. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதியில் வேலை செய்பவரை எடுங்கள். மே தொடக்கம் செப்டம்பர் வரை சீசன். நாளெல்லாம் வெள்ளைக்காரருடன் கதை, படகு ஒழுங்கு, ஓட்டம். நவம்பர், டிசம்பரில் வாடைக் காற்றும் மழையும், கடல் குழம்பிக் கிடக்கும், விடுதியில் ஆள் இல்லை. அவர் ஆகஸ்ட்டில் நிரப்பினால் ஒரு ஆள், டிசம்பரில் நிரப்பினால் வேறு ஆள். 'கடந்த 12 மாதத்தில்' என்று மனதில் வைத்துக்கொண்டு நிரப்பினால் இந்தப் பிழை குறையும். பரீட்சைப் பெறுபேறு வந்த வாரம், வீட்டில் சண்டை நடந்த இரவு, விரத நாள், காய்ச்சல், இவற்றில் தொடவே வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டு, தனியாக இருந்து செய்யுங்கள். ஒரு கேள்விக்கு 5 முதல் 8 செக்கன். அதற்கு மேல் யோசித்தால் மனம் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கும். நடு எண்ணான 3 ஐ எண்ணிப் பாருங்கள். 20 இல் 8 க்கு மேல் 3 வந்திருந்தால், நழுவியிருக்கிறீர்கள். அந்தத் தாளை வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து புதுத் தாளில் செய்யுங்கள்.

கணக்கைக் கடமைச் சீரில் காட்டுகிறேன். நான்கு கேள்வி. 'செய்ய வேண்டிய வீட்டு வேலையை உடனே முடிப்பேன்' என்பதற்கு 4. 'பொருட்களை எடுத்த இடத்தில் திருப்பி வைக்க அடிக்கடி மறந்துவிடுவேன்' என்பதற்கும் 4. 'ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 5. 'எதையும் அலங்கோலமாக்கிவிடுவேன்' என்பதற்கு 2. இரண்டாவதும் நான்காவதும் தலைகீழ்க் கேள்விகள், அவற்றை 6 இல் இருந்து கழிக்க வேண்டும். 4 என்பது 2 ஆகும், 2 என்பது 4 ஆகும். ஆகவே 4, 2, 5, 4. கூட்டினால் 15. ஆகக் குறைந்தது 4, ஆகக் கூடியது 20. இருபதில் 11 கேள்வி இப்படித் தலைகீழானவை. எதைக் கேட்டாலும் ஓம் ஓம் என்று தலையாட்டும் பழக்கத்தை ஈடுசெய்யத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே பண்பின் நேர்க் கேள்விக்கும் தலைகீழ்க் கேள்விக்கும் ஒன்றாக 5 போட்டிருந்தால் நீங்கள் வாசிக்காமல் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

15 கிடைத்துவிட்டது. இனி அதை எவ்வளவு நம்பலாம்? உயர்தரத்தில் புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்கு இது இலேசு. மற்றவர்களுக்கு மூன்று சொல் விளக்கம்: அளவீட்டு வழு என்பது உங்கள் எண் எவ்வளவு தள்ளி விழுந்திருக்கலாம் என்பது, நியம விலகல் என்பது ஆட்களின் எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பது, நம்பகம் என்பது அளவுகோல் எவ்வளவு பிசகாமல் அளக்கிறது என்பது (0 முதல் 1 வரை). நியம விலகலை, 1 இல் இருந்து நம்பகத்தைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அளவீட்டு வழு வரும். நான்கு கேள்வி அளவுகோல் ஒன்றுக்கு நம்பகம் 0.70, நியம விலகல் 3 என்று வைத்துக்கொள்வோம். 1 சய 0.70 என்றால் 0.30, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.55. மூன்றால் பெருக்க 1.6. 95 வீத நிச்சயம் வேண்டுமென்றால் அதை இரண்டு மடங்காக்க வேண்டும், 3.2. ஆக உங்கள் 15 என்பது 12 க்கும் 18 க்கும் இடையில் எங்கேயோ. உங்கள் கூட்டாளிக்கு 13 வந்தால் அவரை விட நீங்கள் ஒழுங்கானவர் என்று சொல்ல முடியாது. இரு எண்களுக்கு இடையில் 5 ஆவது வித்தியாசம் இருந்தால்தான் அதைப் பற்றிக் கதைக்கலாம். இந்த ஒரு கணக்கைச் செய்து பார்த்தவர் பிறகு ஒருபோதும் 51 வீதத்தைத் தன் பெயராக வைத்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் எண்ணை நூற்றுமானமாக, '100 பேரில் 72 பேரை விடக் கூட' என்று காட்டும் தளங்களும் உண்டு. அந்த 100 பேர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இணையத்தில் நிரப்பியவர்கள். எங்கள் ஆட்கள் அல்ல. அதனால் நூற்றுமானத்தை விட்டுவிட்டு உங்கள் ஐந்து எண்ணையும் ஒன்றோடொன்று பாருங்கள், நான்கு வாரம் கழித்து அதே தாளைத் திரும்ப நிரப்பி முதல் எண்ணோடு பாருங்கள். இரண்டு தடவையும் ஓரத்தில் நின்ற பண்பு எதுவோ அதை மட்டும் உங்களுடையது என்று எடுக்கலாம். அநேகமானவர்களுக்கு அப்படி ஒன்று அல்லது இரண்டுதான் மிஞ்சும். மற்றவை நடுவில். நடுவில் இருப்பதும் ஒரு தகவல்தான்: அந்த விஷயத்தில் உங்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இடமும் ஆட்களும்.

பிறகு 120 கேள்வி வடிவம். இதன் அருமை மொத்தத்தில் இல்லை, உட்கூறுகளில். ஒவ்வொரு பெரும் பண்பும் ஆறு கூறாகப் பிரியும், மொத்தம் 30, கூறுக்கு நான்கு கேள்வி. கடமைச் சீரின் ஆறு: தன் திறமையில் நம்பிக்கை, ஒழுங்கு, கடமையுணர்வு, சாதிக்கும் முனைப்பு, தன்னைத்தானே வேலையில் இருத்தும் கட்டுப்பாடு, நிதானம்.

இரண்டு பேரை எடுங்கள். இருவருக்கும் கடமைச் சீர் மொத்தம் ஒன்று. ஒருவருக்கு முனைப்பு 18, கட்டுப்பாடு 8. பெரிய திட்டம் போடுவார், ஜனவரியில் புதுக் கொப்பி வாங்கி நேரசூசி எழுதுவார், பெப்ரவரியில் கொப்பி அலுமாரிக்குள் கிடக்கும். மற்றவருக்கு முனைப்பு 8, கட்டுப்பாடு 18. கொடுத்த வேலையைப் பிசகாமல் முடிப்பார், ஆனால் அடுத்த படிக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் 'பாப்பம்' என்பார். இருவரையும் ஒரே எழுத்தில் ஜே. (நான்கு எழுத்தில் ஒழுங்காகத் திட்டமிட்டு நடப்பவருக்குப் போடுவது) என்று போட்டால் இருவருக்கும் எந்த உதவியும் இல்லை. முதலாமவருக்குத் தேவை பெரிய திட்டத்தை ஒரு நாளைக்கு 25 நிமிடத் துண்டாக வெட்டி, பக்கத்தில் இன்னொருவர் இருக்கும் இடத்தில் செய்வது. இரண்டாமவருக்குத் தேவை விண்ணப்ப முடிவுத் திகதியைச் சொல்லி அடிக்கடி நினைவுபடுத்தும் ஒரு ஆள். தன்னை விளங்கிக்கொள்வது என்று நான் சொல்வது இந்த அளவு நுணுக்கத்தை. அதே போலப் புறமுகத் தன்மையிலும் நட்புறவு, கூட்டத்தை விரும்புதல், முன்னின்று சொல்லுதல், சுறுசுறுப்பு, பரபரப்பைத் தேடுதல், கலகலப்பு என்று ஆறு இருக்கின்றன. கூட்டம் பிடிக்காது, ஆனால் சங்கக் கூட்டத்தில் எழும்பி முகத்துக்கு நேரே சொல்லுவார் என்ற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவரை அகமுகி என்பதா, புறமுகி என்பதா? கூறுகளைப் பார்த்தால் அந்தக் கேள்வியே எழாது.

இனி மற்றவர் கண். 2010 இல் சிமின் வசிரே செய்த ஆய்வில், பதற்றம் போன்ற உள்ளே நடப்பவற்றை ஆள் தானே நன்றாக அறிவார் என்றும், புத்திக்கூர்மை, படைப்பாற்றல் போன்று மெச்சவோ தாழ்த்தவோ கூடியவற்றைக் கூட்டாளிகள் கூடச் சரியாகச் சொல்வார்கள் என்றும் வந்தது. ஆகவே அதே 20 கேள்வியையும் 'இவர்' என்று மாற்றி எழுதி இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் வீட்டில் இருந்து, மற்றவர் வேலையில் அல்லது வகுப்பில் இருந்து. வீட்டில் அப்பாவை விட அக்கா, தங்கச்சி நல்ல தெரிவு, பயமில்லாமல் போடுவார்கள். "அக்கா, இதை ஒருக்கா நிரப்பித் தாங்க. எனக்கு நல்ல பேர் வைக்க வேணாம், நீங்க பாக்கிற மாதிரியே போடுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்றால் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் எண் போடுவார். தாளை வாங்கிய பிறகு விவாதிக்கக் கூடாது. எது பிழை, எது சரி என்று வாய் திறந்தால் அடுத்த முறை உண்மை வராது.

மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் 5 அல்லது அதற்கு மேல் விலகி நிற்கும் இடத்தில் நில்லுங்கள். இணக்கத்தில் நீங்கள் 18 போட்டு, வேலைக் கூட்டாளியும் 17 போட்டு, தங்கச்சி 11 போட்டிருந்தால், இணக்கத்தையெல்லாம் வெளியே செலவழித்துவிட்டு வெறும் கையோடு வீடு வருகிறீர்கள். எந்த வகை விளக்கமும் இதைச் சொல்லித் தராது.

எண் பொய்யா மெய்யா என்று பார்க்க இன்னும் ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் உழைப்பு வேண்டும். ஒரு சி.ஆர். கொப்பியும் போன் அலாரமும். காலை 10, பிற்பகல் 3, இரவு 8. அலாரம் அடித்ததும் கடந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி நான்கு விஷயம் எழுத வேண்டும்: எங்கே, யாருடன், எவ்வளவு கதைத்தேன் (1 முதல் 7), மனம் எவ்வளவு கலங்கியிருந்தது (1 முதல் 7). 14 நாள், 42 வரி. இந்த முறையில் வில்லியம் பிளீசன் 2001 இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயம் தெரிய வந்தது. ஒரே ஆள் இரண்டு வாரத்துக்குள் அளவுகோலின் அநேகமாக எல்லாப் புள்ளியையும் தொட்டுவிடுகிறார். ஆனால் அவருடைய சராசரி ஒரு வாரத்தில் இருந்து அடுத்த வாரத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் ஆள்.

42 வரி சேர்ந்ததும் முதலில் சராசரி. பிறகு கதைத்த அளவில் ஆகக் கூடிய ஆறு வரிக்கும் ஆகக் குறைந்த ஆறு வரிக்கும் வட்டம் போடுங்கள். எங்கே, யாருடன் என்ற நிரலைப் பாருங்கள். கூடிய ஆறில் நான்கு கிண்ணியா போகும் பஸ்ஸில் ஒரே கூட்டாளியுடன் என்று இருந்தால், உங்களுக்குப் பிடித்தது கூட்டம் அல்ல, அந்த ஒரு ஆள். கலக்கம் கூடிய வரிகள் எல்லாம் இரவு 8 இல் வந்தால், அது குணமாக இருப்பதை விடக் களைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், நித்திரையை ஒரு கிழமை சரிப்படுத்திவிட்டுத் திரும்ப எழுதிப் பாருங்கள். வழமையாகப் பிழைக்கும் இடம், விட்ட வரிகளை இரவில் படுக்கப் போகும்போது ஒன்றாக நிரப்புவது. அப்படி நிரப்பினால் மூன்று வரியும் அந்த இரவின் மனநிலையாகிவிடும். விட்டது விட்டதுதான், வெறுமையாக விடுங்கள். 30 வரி இருந்தாலே போதும்.

இவ்வளவும் செய்து ஒரு பண்பு உறுத்துகிறது, மாற்ற வேண்டும் என்றால் மாறும். 92 நீண்டகால மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்த 2006 ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, 20 க்கும் 40 க்கும் இடைப்பட்ட வயதில் கடமைச் சீர் கூடுவதையும் மனம் நிலைப்படுவதையும் காட்டியது. வயதுக்காகக் காத்திருக்காமல் தானாக முயன்றவர்களை 15 வாரம் பின்தொடர்ந்த 2019 ஆய்வு ஒன்றும் உண்டு. கிழமைக்குச் சில சிறு பணிகளைத் தெரிந்து செய்து முடித்தவர்களின் பண்பு நகர்ந்தது. பணியைத் தெரிந்துவிட்டுச் செய்யாமல் விட்டவர்களிடம் அது நகரவில்லை. எனவே பணி சிறிதாக இருக்க வேண்டும். 'இனி எல்லாருடனும் கதைப்பேன்' என்பது பணியல்ல. 'சனிக்கிழமை சந்தையில் மீன் வாங்கும்போது விலையைத் தவிர இன்னொரு கேள்வி கேட்பேன்' என்பது பணி.

பாவிக்கக் கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பதற்கு எம்.பி.ரி.ஐ. யைப் பாவிக்க வேண்டாம் என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். கல்யாணப் பேச்சில் சாதகத்தோடு நான்கு எழுத்தையும் கேட்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஓ.எல். முடித்த பிள்ளைக்கு எந்தப் பிரிவு என்று தேட ஆளுமைச் சோதனை பிழையான கருவி. அதற்கு வேண்டியது ஆர்வச் சோதனை. ஜோன் ஹொலண்ட் 1959 இல் முன்வைத்த ஆறு ஆர்வ வகைகளை வைத்து, அமெரிக்கத் தொழில் திணைக்களம் 60 கேள்வி கொண்ட ஒன்றை இலவசமாகத் தருகிறது. ஒழுங்கு குறைந்த பிள்ளைக்கும் உயிரியல் பிடிக்கலாம். பிடித்ததைப் படிக்கும்போது ஒழுங்கு பின்னால் வருவதும் உண்டு.

உணர்ச்சித் தளம்பல் எண் உயர்ந்து வந்தால் அது நோய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அல்லது இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் சோதனைத் தாளை மூடிவிட்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பகுதிக்குப் போங்கள். இரவு நேரம் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். அந்த நிலையில் நிரப்பும் தாள் உங்கள் குணத்தைச் சொல்லாது, அன்றைய வருத்தத்தைத்தான் சொல்லும்.

தாள்களை எறிய வேண்டாம். ஒவ்வொன்றின் பின்பக்கமும் திகதி, அந்த மாதம் என்ன வேலையில் இருந்தீர்கள், யாருடன் வீட்டில் இருந்தீர்கள், சீசனா மழைக் காலமா என்று நான்கு வரி எழுதி, கொப்பிக்குள் வையுங்கள். அடுத்த தடவை நிரப்புவது ஒரு வருடம் கழித்து, அதே மாதத்தில். பழைய எண்ணைப் பார்த்துவிட்டு நிரப்பினால் கை தானாக அதே எண்ணுக்குப் போகும். புதியதை முடித்துக் கூட்டிய பிறகு பழைய தாளைத் திறவுங்கள்.